அணை எதுக்கு தண்ணி விடுது? கௌலி, ஒகோயி ராஃப்டிங் போறவங்களுக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி சுருக்கமா இது தான்: "ஆபிஸ் நண்பர்கள் ஆறு பேர் செப்டம்பர் கடைசில வெஸ்ட் வர்ஜீனியா கௌலி ரிவர்ல ராஃப்டிங் போகலாம்னு இருக்கோம், யாரும் இதுக்கு முன்னாடி போனதில்ல, ரெண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. டேம்ல இருந்து அளவு பாத்து தான் தண்ணி விடுறாங்க, தேதி கூட முன்னாடியே போட்டுடுறாங்க, அப்ப காட்டாறு மாதிரி இல்லாம சேஃபா தானே இருக்கும்? அப்புறம் ஏன் செப்டம்பர் அக்டோபர்ல மட்டும் இத்தனை கூட்டம்?"

முதல் பாதிக்கு ஒரே வரில பதில் சொல்லணும்னா, இல்லைங்க, சேஃப் கிடையாது. கௌலியோட மேல் பகுதி உங்க குரூப்புக்கான இடமே இல்ல. ஆனா அதை மட்டும் சொல்லிட்டு போனா நீங்க நம்ப மாட்டீங்க, பயமுறுத்துறான்னு நினைப்பீங்க, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். அணைக்கு கீழ இருக்கற எந்த ஆத்துல போட் ஓட்டணும்னாலும் நீங்க முதல்ல கேக்க வேண்டியது "எவ்ளோ தண்ணி விடுறாங்க"ன்னு இல்ல, "எதுக்கு விடுறாங்க"ன்னு. அந்த ஒரு கேள்விக்கு பதில் தெரிஞ்சா சீசன், டிக்கெட் விலை, கூட்டம், கடைசி நேரத்துல கேன்சல் ஆகறது எல்லாத்துக்கும் காரணம் புரிஞ்சிடும்.

கௌலிக்கு மேல இருக்கறது சம்மர்ஸ்வில் அணை. அமெரிக்க ராணுவத்தோட எஞ்சினியர் பிரிவு, அதாங்க ஆர்மி கோர், அவங்க கட்டுனது, 1966ல முடிஞ்சது. 390 அடி உயரம், பாறையும் மண்ணும் கொட்டி கட்டுன அணை. இதோட முக்கியமான வேலை வெள்ளத் தடுப்பு. கௌலி கீழ போய் நியூ ரிவரோட சேந்து கனாவா ஆறா மாறுது, அந்த கனாவா தான் மாநிலத் தலைநகர் சார்ல்ஸ்டன் வழியா போகுது, அந்த ஊர் முழுகக் கூடாது, அவ்ளோ தான். கோடைல ஏரிய 1,652 அடி மட்டத்துல நிரப்பி வச்சிருப்பாங்க, மக்கள் மோட்டார் போட் ஓட்டுவாங்க, மீன் பிடிப்பாங்க. ஆனா குளிர்காலத்துலயும் வசந்தத்துலயும் மழையும் பனி உருகுன தண்ணியும் வரும்போது பிடிச்சு வைக்க இடம் வேணுமே, அதுக்காக மட்டத்தை 1,575 அடிக்கு இறக்கணும். 77 அடி ஆழத்துக்கு ஒரு பெரிய ஏரித் தண்ணி எப்படியும் வெளிய போயே ஆகணும், அது போற நேரம் தான் செப்டம்பர் அக்டோபர். விருந்தாளி வர்றதுக்கு முன்னாடி ஹாலை ஒழிச்சு வைக்கிற மாதிரி. எப்படியும் போகப்போற தண்ணிய ராத்திரி பகல்னு மெதுவா விடாம, வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள்னு பகல்ல மொத்தமா விட்டா போட்காரங்களுக்கும் ஆச்சு, ஏரியும் இறங்கிச்சு. இது தான் "கௌலி சீசன்"ங்கறது.

அந்த நாட்கள்ல விடுற அளவு சாதாரணமா விநாடிக்கு 2,400ல இருந்து 2,800 கன அடி. மேட்டூர் நியூஸ் பாத்து வளந்தவங்களுக்கு இது சிரிப்பா தான் இருக்கும், ஏன்னா ஒகேனக்கல்ல லட்சம் கன அடி வருது, பரிசல் ஓட்ட தடைன்னு வருஷா வருஷம் படிச்சவங்க நாம, இது என்ன ஜுஜுபின்னு தோணும். ஆனா கன அடி கணக்கு மட்டும் வச்சு ஆத்தை எடை போட முடியாதுங்க. ஒரு கன அடி தண்ணி கிட்டத்தட்ட 28 கிலோ, அப்ப 2,800ன்னா ஒவ்வொரு விநாடியும் சுமார் 79 டன். அதை அகலமான மணல் ஆத்துல விட்டா முழங்கால் அளவுக்கு ஓடும், குறுகலான பள்ளத்தாக்குல வீடு சைஸ் பாறைகளுக்கு நடுவுல விட்டா கதையே வேற. கௌலி 25 மைல் தூரத்துல 668 அடி இறங்குது, நூறுக்கும் மேல ரேபிட்ஸ், அதாவது பாறைங்களுக்கு நடுவுல ஆறு வேகமா நுரைச்சு பாயற இடங்க, இருக்கு, அதுல மேல் கௌலில மட்டும் அஞ்சு இடம் கிளாஸ் ஃபைவ். இந்த கிளாஸ் கணக்கு ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் போகும், ஆறுன்னா ஓட்டவே முடியாது இல்ல உயிர் போகற அளவுன்னு அர்த்தம், அதுக்கு ஒரு படி கீழ தான் இந்த அஞ்சும்.

அளவு பாத்து விடுறாங்கங்கறதால சேஃப் ஆகாததுக்கு காரணம் சிம்பிள், அணை தண்ணிய தான் அளக்குது, பாறைய அளக்கல. கௌலியோட பாறைங்க பெரும்பாலும் அடில அரிச்சு குடைஞ்ச பாறைங்க, மேல பாக்க மொழுமொழுன்னு சாதுவா இருக்கும், தண்ணி அதுல மோதி திரும்பாம அடில புகுந்து போகும். சாதாரண பாறைல மோதுன தண்ணி திரும்பி வந்து ஒரு மெத்தை மாதிரி எழும்பி நிக்கும், அது ஆளையும் போட்டையும் தள்ளி விட்டுடும், அனுபவம் உள்ளவங்க அதை பாத்தா நிம்மதியா இருப்பாங்க. பாறைக்கு முன்னாடி தண்ணி சத்தமே இல்லாம, நுரையே இல்லாம வழுக்கிட்டு உள்ள போகுதுன்னா அங்க தான் பயப்படணும். புதுசா வர்றவங்க நுரைய பாத்து பயப்படுவாங்க, கைடுங்க நுரை இல்லாத இடத்தை பாத்து பயப்படுவாங்க.

அந்த அஞ்சு இடத்தையும் வரிசையா சொல்லிடறேன், உங்க பசங்க வீடியோ பாத்துட்டு துள்ளுவாங்க இல்ல. முதல்ல இன்சிக்னிஃபிகன்ட், பேரை நம்பாதீங்க. அடுத்தது பில்லோ ராக், மொத்த ஆறும் இடது பக்கம் ஒரு பெரிய பாறை மேல போய் மோதி ஏறுது, கூட்டம் பூரா கரைப் பாறைல உக்காந்து யார் கவுறாங்கன்னு வேடிக்கை பாக்கும். அப்புறம் லாஸ்ட் பேடில், இது தான் என் கணக்குல இருக்கறதுலயே மோசமானது, கால் மைலுக்கு மேல நீளம், நாலு இறக்கம் அடுத்தடுத்து, முதல் இறக்கத்துல போட்ல இருந்து விழுந்தீங்கன்னா மீதி மூணையும் நீந்தி தான் கடக்கணும், வழி நெடுக நான் சொன்ன அந்த குடைஞ்ச பாறைங்க. நாலாவது அயர்ன் ரிங், அந்த காலத்துல மரம் வெட்டுறவங்க கட்டைகளை மிதக்க விட்டு கொண்டு போக வழி பண்ணணும்னு பாறைய வெடி வச்சு உடைக்க பாத்தாங்க, அதனால ஆறு இன்னும் கோணலாகி போச்சு, பாறைல ஒரு இரும்பு வளையம் ரொம்ப வருஷம் இருந்துச்சு, 1988ல எவனோ திருடிட்டு போய்ட்டான், பேர் மட்டும் நிக்குது. கடைசியா ஸ்வீட்ஸ் ஃபால்ஸ், சுமார் 14 அடி அருவி, 1968ல இந்த ஆத்தை ஓட்டுன ஜான் ஸ்வீட்ங்கறவர் பேர்ல.

இன்னொரு விஷயம், "அணைல இவ்ளோ விடுறாங்க"ங்கற நம்பர் ஆறு பூராவுக்கும் பொருந்தாது. பில்லோ ராக் தாண்டி கொஞ்ச தூரத்துல, கார்னிஃபெக்ஸ் ஃபெரி பக்கத்துல, மெடோ ரிவர்னு ஒண்ணு வந்து சேருது, அதை இந்த அணை கட்டுப்படுத்தல. மலைல முந்துன நாள் நல்ல மழைன்னா அந்த ஆறு பொங்கி வரும், அப்ப லாஸ்ட் பேடில்ல நீங்க பாக்கறது 2,800 இல்ல, அதை விட நிறைய. அதனால பழகுனவங்க டேம் அறிவிப்போட நிக்க மாட்டாங்க, கீழ பெல்வால இருக்கற அளவு மானி என்ன காட்டுதுன்னும் பாப்பாங்க. அதே மாதிரி ஏதாவது புயல் மழை வந்து கனாவா ஏறுதுன்னா கோர் யோசிக்கவே மாட்டாங்க, ஷட்டரை இறக்கிடுவாங்க, உங்க புக்கிங் எல்லாம் அவங்களுக்கு ரெண்டாம்பட்சம். அணை வெள்ளத்தை தடுக்க கட்டுனது, ராஃப்டிங்குக்கு இல்லைங்கறது அன்னைக்கு புரியும்.

இந்த சீசனே சும்மா கிடைச்சது இல்லைங்கறதையும் சொல்லணும். 1980கள் ஆரம்பத்துல மின்சாரத்துக்காக தண்ணிய சுரங்கம் வழியா சில மைல் கீழ கொண்டு போற ஒரு திட்டம் வந்துச்சு, அது நடந்திருந்தா அணைக்கு கீழ இருக்கற ஆறு காஞ்சு போயிருக்கும். போட்காரங்க ஒண்ணு சேந்து எதுத்து அந்த திட்டத்தை தடம் புரள வச்சாங்க, அதை கொண்டாட 1983ல ஆரம்பிச்சது தான் இப்ப வரைக்கும் நடக்கற கௌலி ஃபெஸ்ட்ங்கற திருவிழா. அதோட விடாம 1986ல அமெரிக்க காங்கிரஸ்ல சட்டமே கொண்டு வந்தாங்க: லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள், அங்க விடுமுறை) முடிஞ்சு வர்ற ஆறு வாரத்துல குறைஞ்சது 20 நாள் போட்டுக்காக தண்ணி விடணும்னு. ஒரு அணையோட அதிகாரப்பூர்வ வேலைகள்ல ஒண்ணா ராஃப்டிங்கையும் எழுதி வச்சது அப்ப பெரிய விஷயம். 1988ல கௌலிய தேசிய பொழுதுபோக்கு பகுதியா அறிவிச்சு நேஷனல் பார்க் சர்வீஸ் கைல குடுத்தாங்க. மின்சாரமும் பின்னாடி வந்துச்சு, 2001ல அணைக்கு கீழயே பவர் ஹவுஸ் போட்டாங்க, ஆனா தண்ணி சுழலி (டர்பைன்) வழியா போய் அங்கயே திரும்ப ஆத்துல விழுந்துடுது, அதனால போட்டுக்கு நஷ்டம் இல்ல. இதை ஏன் இவ்ளோ சொல்றேன்னா, அணைய மாத்த முடியலன்னாலும் அணையோட சாவி யார் கைல, எந்த விதில இருக்குங்கறத மாத்த முடியும்னு நான் நேர்ல பாத்து தெரிஞ்சுகிட்டது இந்த ஆத்துல தான்.

சரி, இப்ப இதுக்கு நேர் எதிரா ஒரு ஆறு. டென்னசில ஒகோயி. இங்க அணை தண்ணி விடாதது தான் இயல்பு, விடுறது தான் விதிவிலக்கு. ஒகோயி நம்பர் டூ அணை 1913ல கட்டுனது. அந்த அணைல தடுத்த தண்ணிய மலைச்சரிவோட ஒட்டி போற ஒரு மரக் கால்வாய்ல, ஆமாங்க, மரப்பலகைல செஞ்ச கால்வாய் தான், நாலரை மைலுக்கு மேல ஓட விட்டு, கீழ பவர் ஹவுஸ்ல பெரிய உயரத்துல இருந்து விழ வச்சு மின்சாரம் எடுப்பாங்க. எல்லா தண்ணியும் பெட்டிக்குள்ள போய்டுச்சுன்னா ஆத்துல என்ன இருக்கும்? கல்லு தான். அறுபது வருஷத்துக்கு மேல அப்படி வறண்டு கிடந்த ஆறு அது. 1976ல அந்த மரக் கால்வாய் உளுத்து போச்சு, டிவிஏங்கற அரசு மின் நிறுவனம் அதை மூட வேண்டியதா போச்சு, தண்ணி பழையபடி ஆத்துல ஓட ஆரம்பிச்சது, அப்ப தான் அங்க இப்படி ஒரு அருமையான ரேபிட்ஸ் வரிசை இருக்குன்னே ஊருக்கு தெரிஞ்சது. கொஞ்ச வருஷத்துல ராஃப்ட் கம்பெனிங்க முளைச்சு, ஆயிரக்கணக்குல ஜனம் வந்து, அந்த ஏழை மலைப்பகுதிக்கு அது ஒரு பிழைப்பாவே ஆகிடுச்சு.

அப்புறம் டிவிஏ கால்வாய மறுபடி கட்டி முடிச்சுட்டு ஆத்தை திரும்ப எடுத்துக்கறோம்னு வந்தாங்க. அவங்க பக்க நியாயமும் இருக்கு பாருங்க, ஆத்துல விடுற ஒவ்வொரு கன அடியும் அவங்க சுழலில சுத்தாத தண்ணி, அதுக்கு பதிலா வேற எங்கயோ இருந்து மின்சாரம் வாங்கணும். கடைசில பேசி முடிச்சது இது: மத்திய அரசு டிவிஏவுக்கு 74 லட்சம் டாலர் நஷ்ட ஈடா குடுக்கும், வருஷத்துக்கு 116 நாள் தண்ணி விடணும், அந்த பணத்தை ராஃப்ட் கம்பெனிங்க ஒவ்வொரு வாடிக்கையாளர்கிட்டயும் கட்டணம் வசூல் பண்ணி 35 வருஷத்துல திருப்பி அடைக்கணும். அந்த ஒப்பந்தம் 2018 முடிவோட தீந்துச்சு, தீர்றதுக்கு முன்னாடி ஆறு திரும்ப காஞ்சிடுமோன்னு பெரிய கலவரம், அப்புறம் 2017ல டென்னசி மாநிலம் 1.18 கோடி டாலர் டிவிஏவுக்கு குடுத்து தொடர வச்சாங்க. கௌலில தண்ணி எப்படியும் போகப் போகுது, அதனால இலவசம். ஒகோயில தண்ணி மின்சாரம், அதனால விலைக்கு வாங்குனது. உங்க டிக்கெட்ல அந்த விலையும் சேந்திருக்கும்.

அங்க காலைல தண்ணி வர்றதுக்கு முன்னாடி போய் நின்னு பாருங்க, அது ஒரு தனி காட்சி. வெறும் பாறையும் அங்கங்க குட்டையும் தான் இருக்கும், நடந்தே ஆத்தை கடக்கலாம் போல இருக்கும் (கடக்காதீங்க, சைரன் எதுக்கு வச்சிருக்காங்க). முதல்ல அணை மேல மெல்லிசா ஒரு தகடு மாதிரி தண்ணி வழியும், அப்புறம் குட்டைங்க ஒவ்வொண்ணா நிரம்பி ஒண்ணோட ஒண்ணு சேரும், சருகும் நுரையும் பழுப்பா முன்னாடி ஓடும், கொஞ்ச நேரத்துல நீங்க பாத்த கல்லெல்லாம் அலையா மாறி நிக்கும். எந்த அலைக்கு அடில எந்த கல்லுன்னு முன்னாடியே பாத்து வச்சுக்கலாம், இயற்கையான ஆத்துல இந்த வசதி கிடையாது, கயாக்ங்கற சின்ன ஒல்லிப் படகு பழகறவங்களுக்கு இதை விட நல்ல பாடம் இல்ல. இதே ஆத்தோட மேல் பகுதி இன்னும் வேடிக்கை, நம்பர் த்ரீ அணைல இருந்து தண்ணி சுரங்கம் வழியா போய்டறதால அங்கயும் படுகை காஞ்சு தான் கிடக்கும், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் ஸ்லாலம் (தொங்கற கம்பங்களுக்கு நடுவுல படகை வளைச்சு ஓட்டற) போட்டிக்கு அந்த படுகைய பாறை வச்சு குறுக்கி, தண்ணி திறந்து விட்டு நடத்துனாங்க.

மூணாவது வகை தனியார் அணைங்க, மாசசூசெட்ஸ்ல டீர்ஃபீல்ட் ஆறு மாதிரி. அங்க உரிமம் புதுப்பிக்கற நேரம் தான் எல்லாமே. அமெரிக்கால தனியார் நீர்மின் அணைக்கு ஃபெர்க்ங்கற மத்திய ஆணையம் 30ல இருந்து 50 வருஷத்துக்கு உரிமம் குடுக்கும், புதுப்பிக்கும்போது மீனு, பொழுதுபோக்கு எல்லாத்தையும் மின்சாரத்தோட சமமா வச்சு பாக்கணும்னு 1986 சட்டம் சொல்லுது. அதை பிடிச்சு பேசி டீர்ஃபீல்ட்ல 1997 உரிமத்துல ஃபைஃப் புரூக் பகுதிக்கு வருஷம் 106 நாள், மன்ரோ பிரிட்ஜ் பகுதிக்கு 32 நாள்னு வாங்குனாங்க. பாஸ்டன் பக்கம் இருக்கற தமிழ் குடும்பங்க பிள்ளைங்களோட போறது பெரும்பாலும் இந்த ஃபைஃப் புரூக் தான், நல்ல இடம்.

"அப்ப இது செயற்கை ஆறு தானே, தீம் பார்க் மாதிரி"ன்னு சிலர் கேப்பாங்க. பாதி உண்மை. ஓட்டம் செயற்கை, ஆத்தோட உடம்பு நிஜம். ஆனா அணை ஆத்தை கெடுக்கறது கெடுக்கறது தான், அதை மறைச்சு பேச மாட்டேன். ஏரி அடில இருந்து வர்ற தண்ணி ஜில்லுன்னு இருக்கும், மணலும் வண்டலும் அணைக்கு பின்னாடியே தங்கிடும், திடீர்னு ஏறி திடீர்னு இறங்கறதுல மீன் குஞ்சுங்க குட்டைல மாட்டிக்கும். போட்காரங்களுக்கும் ஒரு ஆபத்து இருக்கு: வெள்ளம் வந்து அடிச்சுட்டு போகாததால படுகைக்குள்ளயே செடியும் மரமும் வளந்துடும், தண்ணி விட்டா அந்த கிளைங்க வழியா தண்ணி போகும், ஆள் போக முடியாது, சல்லடைல மாட்டுன கதி. அணை இல்லாத ஆறா, அணை ஆறான்னு என்னை கேட்டா நான் முதலாவதுக்கு தான் ஓட்டு போடுவேன், ஆனா அணை ஏற்கனவே இருக்குன்னா அது எப்ப எவ்ளோ விடுதுங்கறதுல நமக்கும் ஒரு பேச்சு இருக்கணும்.

இப்ப உங்க ஆறு பேருக்கு வருவோம். முன்அனுபவம் இல்லாம மேல் கௌலிக்கு நல்ல கம்பெனி எதுவும் உங்களை ஏத்தாது, ஏத்துறேன்னு சொன்னா அந்த கம்பெனிய விட்டுடுங்க. கௌலி சீசன் சூழலே வேணும், அந்த இலை நிறம் மாறற மலைய பாக்கணும்னா கீழ் கௌலி இருக்கு, கொஞ்சம் இறங்குன தரம், அப்பவும் சும்மா இல்ல. என் யோசனை, முதல் தடவை ஒகோயி நடுப்பகுதி போங்க, சுமார் அஞ்சு மைல், கிளாஸ் த்ரீ, ஃபோர், செப்டம்பர்ல வார இறுதிகள்ல ஓடும், ரோடு ஆத்தோட ஒட்டியே போறதால ஏதாவதுன்னா உதவி சீக்கிரம் வரும். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க, அங்க பழகிக்க நேரமே இல்ல, அணை ஓரத்துல போட்டை இறக்குன உடனே கிரம்பீஸ்ங்கற ரேபிட் ஆரம்பிச்சுடும், அதனால கைடு கரைல சொல்ற பத்து நிமிஷ பாடத்துல போன்ல ரீல்ஸ் பாக்காதீங்க.

நீச்சல் தெரியாத ரெண்டு பேர் விஷயம். லைஃப் ஜாக்கெட் இருக்கே என்னன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது மிதக்க வைக்கும், பதறாம இருக்க வைக்காது. விழுந்தா காலை ஓட்டத்தோட திசைல நீட்டி, கால் விரல் தண்ணிக்கு மேல தெரியற மாதிரி மல்லாந்து போகணும், எழுந்து நிக்கவே கூடாது. இடுப்பளவு தண்ணி தானேன்னு நின்னா பாறை இடுக்குல கால் மாட்டும், பின்னாடி இருந்து ஓட்டம் தள்ளி முகத்தை தண்ணிக்குள்ள அமுக்கிடும், ஆழமே இல்லாத இடத்துல ஆள் போறது இப்படி தான். பாறைக்கு பின்னாடி ஓட்டம் எதிர்பக்கமா மெதுவா சுத்தற இடம் இருக்கும், அதுக்குள்ள வந்ததும் திரும்பி குப்புற படுத்து வேகமா கரைக்கு நீந்தணும். முகத்துல அலை அடிச்சாலும் மூச்சை அடக்கி இதை செய்ய முடியற ஆளா இருந்தா வரட்டும், ஸ்விம்மிங் பூல் ஆழத்துல இறங்கவே பயப்படற ஆள்னா இந்த தடவை கேமரா பிடிக்கட்டும், சங்கடப்பட்டு இழுத்துட்டு வராதீங்க. நம்ம குரூப்ல இன்னொரு வியாதி உண்டு, கைடு "முன்னாடி துடுப்பு போடு"ன்னு கத்தும்போது ஆறு பேரும் ஆளுக்கொரு கமென்ட்ரி குடுக்கறது. போட்ல ஒரே குரல் தான் இருக்கணும். துடுப்போட டி ஷேப் கைப்பிடிய விடவே விடாதீங்க, விட்டா அது பக்கத்துல இருக்கறவர் பல்லுல தான் போய் நிக்கும்.

ஜீன்ஸ், காட்டன் டிஷர்ட் வேண்டாம், நனைஞ்சா காயாது, அக்டோபர்னா வெட்சூட் (குளிர் தண்ணில உடம்பு சூட்டை காக்கற ரப்பர் உடை) வாடகைக்கு கண்டிப்பா வாங்கிக்கோங்க. கண்ணாடி போடறவங்க பின்னாடி கட்ற கயிறு வாங்கிக்கோங்க. செருப்பு வேண்டாம், கால்ல இறுக்கமா நிக்கற பழைய ஷூ போதும். புக் பண்றதுக்கு முன்னாடி தண்ணி விடாம போனா பணம் திரும்ப வருமா, தேதி மாத்தி தருவாங்களான்னு எழுத்துல வாங்கிடுங்க. கௌலிக்கே போறீங்கன்னா சனிக்கிழமைய விட்டுட்டு வெள்ளி இல்ல திங்கள் எடுங்க, ஆபிஸ்ல ஒரு நாள் லீவு போகும், ஆனா ரேபிட்ஸ் முன்னாடி போட்டெல்லாம் வரிசைல நிக்காது, முன்னாடி கவுந்த போட்டோட ஆளுங்க மேல உங்க போட் ஏறாது.